தேயிலை மலையில் ‘பரதேசி’: பார்ப்பதும் எழுதுவதும்



கேமரன் மலையில் பள்ளி முடிந்த பின், மண்டபச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி மாதம் ஒரு படம் காட்டுகிறோம். இம்மாதம் பாலாவின் ‘பரதேசி’ (2013). தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தைப் பற்றிய படம். "சூப்பர் டீச்சர், அழுதுட்டேன்" என்பதோடு விட்டால் அது திறனாய்வு ஆகாது.

முதலில் நிறை. கங்காணி ஊருக்குள் வந்து ஆசை காட்டுகிறான். சனங்கள் நாள்கணக்கில் நடந்தே மலையேறுகிறார்கள். ஆண்டு முடிவில் கூலி வாங்கப் போனால் செலவுக் கணக்கு காட்டிக் கழித்துவிடுகிறார்கள். கடன் எப்படி விலங்காகிறது என்பதை இந்தக் காட்சி வசனமே தேவையில்லாமல் புரியவைக்கிறது. நாஞ்சில் நாடனின் வட்டார வசனமும் செழியனின் ஒளிப்பதிவும் படத்துக்குப் பெரிய பலம்.

இனிக் குறை. இதன் மூலம் பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ (1969), தமிழில் இரா. முருகவேளின் ‘எரியும் பனிக்காடு’. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்த மருத்துவர். அவர் நாவலில் மருத்துவர் தொழிலாளர் பக்கம் நிற்கிறார். படத்திலோ அவரே ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிச்சித்திரம்! கொள்ளைநோயில் சனங்கள் சாகும்போது ‘யார் பொறுப்பு?’ என்று நாம் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் படம் நம்மைச் சிரிக்கவைத்துத் திசைதிருப்புகிறது.

இன்னொன்று. "எங்க பாட்டி கொழுந்து கிள்ளுற வேகம் இதுல இல்லையே டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. படத்தில் வலி தெரிகிறது, கைத்திறன் தெரியவில்லை. வெறும் இரக்கத்தோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை, தன் பாட்டியையும் பரிதாபமாகத்தான் பார்க்கும்.

‘இது நம் கதை’ என்று அவசரப்பட்டும் எழுதிவிடாதீர்கள். இங்கே போ தோட்டம் தொடங்கியது 1929இல். மலாயாவுக்கு உதவிபெற்றுக் கூலியாட்கள் வருவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. படமோ 1939இல் தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கிறது. கங்காணி பொதுதான், ஆனால் நம் ஆட்கள் கப்பலேறி வந்தவர்கள். ஒற்றுமையையும் வேற்றுமையையும் பிரித்து எழுதுங்கள்.

விடை எழுத மூன்று படி போதும்: கருத்தைச் சொல்லுங்கள், காட்சியைக் காட்டுங்கள், காரணம் கொடுங்கள். ‘இயக்குநர் அருமையாகப் படைத்துள்ளார்’ என்ற மனப்பாட வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும்; அதனால்தான் அதற்கு மதிப்பில்லை.

அடுத்த மாதம் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் கதை. அதற்குள் ஒரு வேலை: வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தோட்டத்தில் பேரேடு எப்படி இருந்தது, சம்பளத்தில் என்னென்ன பிடித்தார்கள் என்று கேட்டுப் பத்து வரி எழுதி வாருங்கள். படத்தின் கணக்குக் காட்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.