பேபிளேடும் நம் பம்பரமும்

இன்று முப்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் வாலிபர்கள் தங்கள் பால்யத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பள்ளி விட்டு வந்ததும் கார்ட்டூன் நெட்வொர்க்கில் கண்ட ஜப்பானியச் சித்திரத் தொடர்களில், அதிலும் டைசனும் காயும் பம்பரம் விட்டுப் பொருதிய ‘பேபிளேடு’ தொடரில் வந்து லயித்துவிடுவதை, செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் வரையில் தேநீர்க் கடைகளில் கேட்கலாம். அந்த ஏக்கத்தைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. அதில் விளையாட்டு எவ்வளவு, வேடிக்கை எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே விளையாட்டைப் பற்றி எழுதுகிறவனின் காரியம்.

வாளியின் வாய்மீது துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஜப்பானியச் சிறுவர்கள் மோதவிட்ட ‘பெய்கோமா’ என்னும் சிறு உலோகப் பம்பரந்தான் பேபிளேடின் பூர்வீகம். அதைத் தக்காரா என்ற பொம்மைக் கம்பெனி 1999-இல் புது உருவில் கடைக்குக் கொண்டுவந்தது. தக்காவோ அவோக்கி சித்திரக் கதையாக வரைந்தார். 2001-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று.

ஆட்டத்தின் நுட்பத்தைக் கவனித்தால், பேபிளேடில் வீரனுடைய கரத்துக்கு உள்ள வேலை சொற்பமே. பல் வைத்த பிளாஸ்டிக் பட்டையை வெடுக்கென்று இழுத்ததும் விசை பம்பரத்துக்குப் போய்விடுகிறது. தட்டையான முனையுள்ளது களமெங்கும் பாய்ந்து தாக்குவதும், கூரான முனையுள்ளது நடுவில் நின்று நீடித்துச் சுழல்வதும், கிண்ணம் போன்ற களம் இரண்டையும் நடுவுக்கு இழுத்து மோதவைப்பதும் வடிவத்தின் குணங்களேயன்றி ஆடுகிறவனின் சாமர்த்தியமல்ல. திரையில் டைசனின் பம்பரத்திலிருந்து டிரகூன் என்னும் நாகம் எழுந்து சீறியது, இந்தக் குறையை மறைத்த ஜாலமென்றே எனக்குத் தோன்றுகிறது.

மேல்சித்தாமூரில், பார்சுவநாதர் கோயிலையும் ஜைன மடத்தையும் ஒட்டிய வீதிகளில் ஆடப்பட்ட பம்பரமோ வேறு ஜாதி. ஆணியிலிருந்து மேலே சாட்டையை நெருக்கமாகச் சுற்றி, அதன் நுனியை விரலில் மாட்டி, பம்பரம் கையை விட்டுப் போகும் க்ஷணத்தில் மணிக்கட்டைப் பின்னுக்குச் சுண்ட வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் பம்பரம் பக்கவாட்டில் உருண்டோடும். சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் ஏந்தும் ‘அபீட்’டில் பிந்தியவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்துவிட்டு, மற்றவர்கள் ஆணியால் குத்தும் ‘ஆக்கர்’களை வாய்மூடிச் சகித்துக்கொள்ள வேண்டும். குறியும் வேகமும் நிதானமும் ஒருங்கே வேண்டிய அந்த ஆட்டத்தை, அப்பியாசமில்லாமல் எவனும் ஆடியதில்லை.

ஆயினும் ஜப்பானியர் ஒரு விஷயத்தில் நம்மை வென்றுவிட்டார்கள். தெருவோரச் சிறுவர் விளையாட்டுக்கு விதிகளும் களமும் எதிராளியும் உலகப் போட்டியும் கற்பித்து, அதை மரியாதைக்குரியதாக்கினார்கள். கதை விளையாட்டை எப்படி வளர்க்கும் என்பதற்குக் கால்பந்தும் சான்று. யோய்ச்சி தக்காஹாஷி 1981-இல் ‘கேப்டன் சுபாசா’ என்னும் கால்பந்துச் சித்திரக் கதையைத் தொடங்கியபோது அந்த நாட்டில் தொழில்முறைக் கால்பந்து லீக்கே கிடையாது. 1993-இல் அது பிறந்தது. 1998-இல் ஜப்பான் உலகக் கோப்பையில் முதன்முறையாக ஆடியது. 2022-இல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தியது. எல்லாம் ஒரு கதையால் விளைந்தவை என்று சொல்வது மிகை. ஆனால் கதை பார்த்த பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள் என்பதில் ஐயமில்லை. ஸ்பெயினின் பெர்னாண்டோ டோரஸ்கூடச் சிறுவயதில் அக்கதையின் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தே கால்பந்தில் ஆசை கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 2018-இல் ஜப்பானியக் கிளப் ஒன்றிலேயே சேர்ந்து ஆடவும் செய்தார்.

பேபிளேடு பார்த்த நம் பிள்ளைகளோ பிளாஸ்டிக் பம்பரத்தை வாங்கினார்கள். வீட்டிலிருந்த மரப் பம்பரத்தைப் பரணில் போட்டார்கள். இரண்டில் கடினமான ஆட்டம் எது என்று கேட்டால், பம்பரமே என்று தயங்காமல் சொல்வேன். செஞ்சி வட்டாரப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வருகிற ஆண்டு விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்கும் கபடிக்கும் நடுவே பம்பரத்துக்கும் ஒரு வட்டம் போடுங்கள், பேபிளேடு பார்த்து வளர்ந்த தகப்பன்மார்களையே நடுவர்களாக அழையுங்கள்.