பிளவு உதட்டுக் குழந்தைகளின் பல் மருத்துவம்: தகட்டுச் சிகிச்சை பற்றிய ஒரு மதிப்பீடு

உதட்டுப் பிளவு, பற்களைத் தாங்கும் ஈற்றெலும்பு வரை நீளும் குழந்தைகளுக்கு, பிறந்த சில வாரங்களிலேயே மேல்தாடையின் அச்சை எடுத்து அக்ரிலிக் தகடு ஒன்றைப் பொருத்துவது இன்று பல மருத்துவமனைகளில் வழக்கமாகியுள்ளது. 1950இல் மெக்நீல் முன்வைத்த தகட்டுமுறையில் வேர்கொண்ட இச்சிகிச்சை, 1990களில் நியூயார்க்கின் பேரி கிரேசனும் கோர்ட் கட்டிங்கும் மூக்கை உள்ளிருந்து தாங்கும் சிறு கம்பியைத் தகட்டோடு இணைத்தபின் இன்றைய வடிவத்தைப் பெற்றது. தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் உடலில் எஞ்சியிருக்கும் வரை மூக்கின் குருத்தெலும்பு வளைந்து கொடுக்கும் என்பதே அவசரமாகத் தொடங்குவதற்குச் சொல்லப்படும் காரணம். வாரந்தோறும் தகட்டின் ஒரு பக்கத்தைச் சிறிது தேய்த்தும் மறுபக்கத்தில் சிறிது சேர்த்தும், உதட்டின் மேல் பிளாஸ்திரியை இழுத்து ஒட்டியும், பிளவின் இரு கரைகளும் மெல்ல நெருக்கப்படுகின்றன.

இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. இடைவெளி குறுகுவதால் உதட்டைத் தைக்கும்போது இழுவிசை குறைகிறது. சரிந்த மூக்குத் துளை ஓரளவு நிமிர்கிறது. ஆனால் தாடை வளர்ச்சிக்கும் பால் குடிப்பதற்கும் தகடு துணைசெய்யும் என்ற வாதம் சோதனையில் நிற்கவில்லை. நெதர்லாந்தின் மூன்று மையங்களில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், தகடு அணிந்தோர்க்கும் அணியாதோர்க்கும் இடையே பாலூட்டலிலோ உடல் எடையிலோ வேறுபாடு தெரியவில்லை. தாடை வடிவில் தென்பட்ட வேறுபாடும் நிலைக்கவில்லை. அங்குப் பயன்பட்டது மூக்குக் கம்பி இல்லாத தகடு என்பதால், மூக்கைப் பற்றிய தீர்ப்பாக அதைக் கொள்ளலாகாது. தகட்டை நாள்தோறும் கழற்றிக் கழுவி மாட்டுவதும், பிளாஸ்திரி உரித்த கன்னத்துப் புண்ணை ஆற்றுவதும், கூலியை இழந்து வாரம் ஒருமுறை நகரத்துக்கு வருவதும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றன என்பதையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, தகட்டுக்குக் கிடைக்கும் கவனம் பின்னர் முளைக்கும் பற்களுக்குக் கிடைக்காமல் போவதுதான். பிளவை ஒட்டிய பல் பெரும்பாலும் திரும்பியோ சாய்ந்தோ முளைக்கிறது. அதன் எனாமல் பல சமயம் குறைபட்டிருக்கிறது. பக்க வெட்டுப்பல் இல்லாமலே போவதும் உண்டு. தைத்த உதடு இறுக்கமாக இருப்பதால் தூரிகை அதன் பின்புறத்துக்கு எட்டுவதில்லை. தழும்பில் கை பட்டால் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் அந்த இடத்தைத் தேய்க்காமலே விட்டுவிடுகின்றனர். பிரிட்டனில் 1998இல் வெளியான அரசு ஆலோசனைக் குழுவின் அறிக்கை, பிளவோடு பிறந்த ஐந்து வயதினரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பெறாத சொத்தை இருந்ததாகக் கூறியது. வளமான நாட்டின் நிலையே இதுவாக இருந்தது.

இந்தச் சொத்தையைப் பால் பல்தானே என்று தள்ளிவிட இயலாது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளைப் பிளவில் நிரப்பும் எலும்பு ஒட்டுச் சிகிச்சை, பொதுவாக எட்டு முதல் பதினொரு வயதுக்குள், நிரந்தரக் கோரைப்பல் முளைக்கும் முன் செய்யப்படுகிறது; 1972இல் பாய்னும் சாண்ட்சும் விவரித்த இம்முறையில் கோரைப்பல் புதிய எலும்பினூடே இறங்கி வந்து அதை நிலைநிறுத்துகிறது. அருகில் அழுகிய பல்லும் வீங்கிய ஈறும் இருந்தால் ஒட்டில் தொற்று ஏறி, அது கரைந்துபோகும் அபாயம் கூடுகிறது.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டமான ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம், உதடு-அண்ணப் பிளவைப் பிறவிக் குறைபாடுகளிலும் பல் கோளாறுகளை நோய்களிலும் தனித்தனியே பட்டியலிடுகிறது. ஒரே குழந்தையின் வாயில் இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பதால், இரண்டையும் ஒரே மருத்துவக் குழு தொடர்ந்து கவனிக்க வேண்டும். அடிக்கடி வந்துபோக இயலும் குடும்பங்களுக்கு மூக்கின் வடிவம் கருதித் தகட்டைப் பரிந்துரைக்கலாம். இயலாத குடும்பத்தைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குவது தவறு. முதல் பல் முளைத்ததும் தொடங்கும் துலக்கப் பயிற்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளூரைடு பூச்சு, எலும்பு ஒட்டு வரை தொடரும் பரிசோதனை ஆகிய மூன்றுமோ எந்தக் குழந்தைக்கும் விடுபடக் கூடாதவை. தகடு, பல் பராமரிப்பு ஆகிய இரண்டையும் ஒருசேர நடத்த வசதியில்லாத மையங்கள் தகட்டை விடுத்து இவற்றையே முதலில் மேற்கொள்ள வேண்டும்.