அந்தரத்தில் நின்ற பூனைகளும் அழிக்கப்பட்ட கையும்

கலைப்படைப்பைப் பற்றி நம்மிடையே நிலவும் மயக்கங்களுள் மிக உறுதியானது, அது தனியொரு மேதையின் உள்ளத்தில் ஒரு கணத்தில் உதிப்பது என்பதாகும். புகைப்படக் கலையைப் பொறுத்தவரை இம்மயக்கம் மேலும் வலுப்பெறுகின்றது. பொத்தானை அழுத்த ஒரு நொடியே போதும் அல்லவா? அந்நொடிக்கு முன்னர் எத்தனை மணி நேரம் கழிந்தது, எத்தனை கைகள் உழைத்தன என்னும் வினாக்களைப் படம் தானாக எழுப்புவதில்லை. அவற்றை எழுப்புவது விமர்சனத்தின் கடமை. இந்நோக்குடன், 1948ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த 'டாலி அற்றோமிக்கஸ்' என்னும் புகழ்பெற்ற படத்தை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

படத்தில் ஓவியர் சல்வடோர் டாலி தூரிகையுடன் அந்தரத்தில் துள்ளி நிற்கின்றார். நாற்காலியும் ஓவியத் தாங்கியும் நிலத்தைத் தொடாது மிதக்கின்றன. மூன்று பூனைகள் பறக்கின்றன. வளைந்தெழுந்த நீர்த்தாரை ஒன்று படத்தை ஊடறுத்துச் செல்கின்றது. வலப்புறத்தே டாலியின் 'லீடா அற்றோமிக்கா' ஓவியம் காணப்படுகின்றது. அணுவினுள் துகள்கள் ஒன்றையொன்று தொடாது நிற்கின்றன என்னும் கருத்தாற் கவரப்பட்ட டாலி, அவ்வோவியத்தில் எப்பொருளும் பிறிதொன்றைத் தீண்டாதவாறு தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. அக்கருத்தையே புகைப்படத்திற் கொணர ஹால்ஸ்மன் விரும்பினார்.

அது எங்ஙனம் நிறைவேறியது? ஓவியங்களும் தாங்கியும் மெல்லிய கம்பிகளில் தொங்கவிடப்பட்டன. நாற்காலியை ஹால்ஸ்மனின் மனைவி இவோன் கையால் தூக்கிப் பிடித்திருந்தார். ஹால்ஸ்மன் எண்ணத் தொடங்குவார். மூன்று என்றதும் உதவியாளர் மூவர் பூனைகளை எறிவர். இன்னொருவர் வாளி நீரை வீசுவார். நான்கு என்றதும் டாலி துள்ளுவார். அக்கணத்திற் படம் எடுக்கப்படும். பின்னர் ஹால்ஸ்மன் இருட்டறையுட் புகுந்து பிலிமைக் கழுவிப் பார்ப்பார். அதற்கிடையில் ஏனையோர் நனைந்த தரையைத் துடைத்து, சிதறியோடிய பூனைகளைத் தேடிப் பிடித்தல் வேண்டும். நீர் விழும் வேகம் வேறு, பூனை பறக்கும் வேகம் வேறு, மனிதன் துள்ளும் வேகம் வேறு. இம்மூன்றும் ஒரே கணத்தில் ஒழுங்குற அமைதல் வேண்டும். இன்று கணினியில் வெவ்வேறு படங்களை ஒட்டி இதனை எளிதிற் செய்துவிடலாம். அன்றோ, ஏறத்தாழ ஆறு மணி நேரம், இருபத்தெட்டு முறை இம்முயற்சி மீண்டும் மீண்டும் செய்யப்பட்டது. இன்று விலங்குகளின் பொருட்டுக் குரல் கொடுப்போர் அப்பூனைகளின் பாட்டையும் கணக்கிற் சேர்ப்பர், அது நியாயமே.

தவறிய படங்களின் குறைகள் குறித்து வைக்கப்பட்டன. ஒன்றில் நீர் பூனையின் மேல் விழாது டாலியின் மேல் விழுந்தது. ஒன்றிற் காரியதரிசி படத்தினுள் வந்துவிட்டார். பின்னதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். உழைப்பவர் கண்ணிற் படுவது படத்தின் குறையாகிவிட்டது! படத்தின் அமைப்பு அதனை வேண்டிற்று என்பது உண்மையே. எனினும், ஆலையிலும் தோட்டத்திலும் விளைந்த பண்டம் சந்தைக்கு வரும்போது உழைத்தவனின் சுவடு துடைக்கப்பட்டே வருகின்றது என்பதை அறிந்த நமக்கு, இக்குறிப்பு வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இறுதிப் படத்தில் நடந்ததும் அதுவே. திருத்தப்படாத மூலப்பிரதி இன்று வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. அதிற் கம்பிகள் தெரிகின்றன. நாற்காலியைப் பற்றியிருக்கும் இவோனின் கை தெரிகின்றது. தாங்கியிலுள்ள சட்டம் வெறுமையாக இருக்கின்றது. 'லைஃப்' சஞ்சிகை இரு பக்கங்களில் விரித்து வெளியிட்ட படத்திலோ கம்பிகளும் இல்லை, கையும் இல்லை. வெறுஞ் சட்டத்தினுள் டாலியின் ஓவியம் ஒன்று இடம்பெற்றிருக்கின்றது. இவோன் தாமும் புகைப்படக் கலை பயின்றவர். அவரது கை அழிந்தது. டாலியின் கை மேலும் ஓர் ஓவியத்தைப் பெற்றது.

ஹால்ஸ்மன் இதனை மறைத்தார் என நாம் குற்றஞ்சாட்டவில்லை. 1961இல் வெளியிட்ட நூலில், தமது படங்கள் உருவான விதத்தை அவரே விரித்துரைத்துள்ளார். அவருடைய வாழ்வும் பிறர் கைகளால் தாங்கப்பட்ட வாழ்வே. றீகாவிற் பிறந்த யூதரான அவர், 1928இல் தந்தை ஒஸ்திரிய மலைப்பகுதியில் இறந்தபோது, யூத வெறுப்பு மேலோங்கிய சூழலிற் கொலைக் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டார். ஐன்ஸ்ரைன், பிராய்ட் முதலியோர் குரல் கொடுத்தனர். 1930இல் விடுதலை கிட்டியது. 1940இல் நாஸிப் படைகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்வதற்கும் ஐன்ஸ்ரைனே துணைநின்றார். தாங்கும் கையின்றி எம்மனிதனும் அந்தரத்தில் நிற்க இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

டாலியின் நிலை வேறு. ஸ்பெயின் மக்களின் குரல்வளையை நெரித்த பிராங்கோவைப் பின்னாளில் வெளிப்படையாகப் போற்றியவர் அவர். ஜோர்ஜ் ஓர்வெல் 1944இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒருவர் கைதேர்ந்த சித்திரக்காரராகவும் வெறுக்கத்தக்க மனிதராகவும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதை நாம் ஏற்றல் வேண்டும் என வாதிட்டார். அது நேர்மையான அளவுகோல். அவ்வளவுகோலால் இப்படத்தையும் அளப்போம். அதன் தொழில்நுட்பம் வியக்கத்தக்கது. அதனை ஆக்கியோரின் பொறுமை போற்றத்தக்கது. ஆயின் ஹிரோஷிமா எரிந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்த வேளையில், அணு இங்கே பாரமற்றதோர் இனிய விளையாட்டாகிவிட்டது. எல்லாம் மிதக்கின்றன, எதுவும் விழுவதில்லை, எவரும் எரிவதில்லை. வரலாற்றைத் துடைத்த பின்னரே இந்த அழகு கிட்டியிருக்கின்றது.

எனினும் வரலாறு அக்கலையகத்தின் கதவைத் தட்டாமல் விடவில்லை. முதலில் வீசுவதற்கு எண்ணியிருந்தது நீரன்று, பால். யுத்தகாலப் பஞ்சத்தை அனுபவித்து மீண்ட மக்கள், பாலை வீணாக்கினர் என்று சினப்பர் என்னும் அச்சத்தாலேயே அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. இச்சிறு செய்தியை நாம் பெரிதாக மதிக்கின்றோம். கலையகத்தில் இல்லாத மக்கள், படத்தைக் காணுமுன்னரே வாளியில் இருந்ததை மாற்றிவிட்டனர். மக்களின் தீர்ப்பு கலைஞனின் கையை எட்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

எனவே, மாணவர்க்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர்கள் இரு பிரதிகளையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. கம்பிகளையும் கையையும் கண்ட பின்னர் படத்தின் மீதுள்ள வியப்புக் குறைவதில்லை. அது டாலி ஒருவரிடமிருந்து, அங்கு நனைந்தும் களைத்தும் நின்ற அனைவரிடமும் சென்று சேர்கின்றது. மேதைமையின் பங்கை நாம் மறுக்கவில்லை. அதன் அருகே நாற்காலியைத் தூக்கிப் பிடித்தவரின் பங்கையும் எழுதுமாறு கேட்கின்றோம். கலை விமர்சனம் அதனைச் செய்யாவிடின், திருத்தற் தூரிகை தொடங்கிய வேலையைத் தானே முடித்து வைத்ததாகும்.