தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களின் வாசலில் ‘ஐந்து நட்சத்திரம்’ என்ற பதாகை தொங்குவது வாடிக்கையாகிவிட்டது. ‘யு.எஸ். நியூஸ்’ ஆண்டுதோறும் வெளியிடும் சிறந்த இல்லங்களின் பட்டியலில் இடம் கிடைத்தால் இன்னொரு பதாகையும் ஏறும். இரண்டுக்கும் ஊற்று பெரும்பாலும் ஒன்றுதான். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டை நடத்தும் அரசுத் துறை திரட்டும் தரவுகளே அவை. இந்த நட்சத்திரங்களைக் குறைசொன்னால் உடனே ஒரு பதில் வரும். குறை இருந்துவிட்டுப் போகட்டும், நெருக்கடியில் தவிக்கும் குடும்பத்துக்கு ஏதாவது ஒரு வழிகாட்டி வேண்டாமா?

வேண்டும்தான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவரை மருத்துவமனை சில நாளிலேயே அனுப்பிவிடும். பிசியோதெரபியும் செவிலியர் கவனிப்பும் ஒருங்கே கிடைக்கும் இடத்தை அதற்குள் பிள்ளைகள் தேடிப் பிடித்தாக வேண்டும். 2008 டிசம்பரில் நட்சத்திர முறை வந்த பிறகு, ஏறத்தாழ 15,000 இல்லங்களை ஒரே இணையதளத்தில் ஒப்பிட முடிகிறது. முன்னறிவிப்பின்றி வரும் மாநில ஆய்வாளர்களின் அறிக்கையே மொத்த மதிப்பீட்டுக்கு அடித்தளம் என்பதும் நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் 10 சதவீத இல்லங்களுக்கே ஆய்வில் ஐந்து நட்சத்திரம் என்பதால், ஒரு மாநிலத்தின் ஐந்தும் இன்னொன்றின் ஐந்தும் சமமல்ல. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது, அந்த அடித்தளத்தின் மேல் ஏற்றப்படும் மாடி. ஆய்வு, பணியாளர் எண்ணிக்கை, தரக் குறியீடு என மூன்று பிரிவுகள். மூன்றாவதில்தான் கீழே விழுந்து காயம்பட்டவர்கள் எத்தனை பேர், படுக்கைப்புண் எத்தனை பேருக்கு, மனநோய் மருந்து எத்தனை பேருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதெல்லாம் வருகிறது. மருத்துவமனைக்குத் திரும்பப் போனவர்களின் கணக்கு போன்ற சில மட்டும் காப்பீட்டுப் பில்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. மற்றவை பெரும்பாலும் இல்லத்தின் ஊழியர்களே நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து வருபவை. தேர்வெழுதிய மாணவனே விடைத்தாளைத் திருத்தி, மதிப்பெண்ணையும் போட்டுக்கொண்டு, அதைக் காட்டிக் கல்லூரியில் இடம் கேட்பது மாதிரிதான் இது.

என்ன நடக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. பணியாளர் எண்ணிக்கையும் ஒருகாலத்தில் இப்படித்தான் கணக்கானது. ஆய்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று இல்லமே எழுதிக்கொடுக்கும். 2018இல் துறை அதற்குப் பதிலாகச் சம்பளப் பதிவேட்டை வைத்து நட்சத்திரம் தரத் தொடங்கியது. கைசர் ஹெல்த் நியூஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பத்தில் ஏழு இல்லங்களில் பணியாளர் அளவு முன்பு காட்டியதைவிடக் குறைந்திருந்தது. சராசரிச் சரிவு 12 சதவீதம். எழுதிக்கொடுத்ததை நம்புவதை நிறுத்தியதுமே இத்தனை செவிலியர்கள் காணாமல் போனார்கள்.

கீழே விழுந்தவர்களின் கதை இன்னும் மோசம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 முதல் 2015 வரையிலான மருத்துவமனைப் பில்களை இல்லங்களின் படிவங்களோடு வைத்துப் பார்த்தார்கள். பலத்த காயத்தில் முடிந்த விழுதல்களில் 57.5 சதவீதம்தான் படிவத்தில் இருந்தது. பத்தாண்டு கழித்து, 2025இல், சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பு அலுவலகம் இதே சோதனையைச் செய்தது. விடுபட்டவை 43 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் எதுவும் திருந்தவில்லை. விழுதல் குறைவு என்று இணையதளம் காட்டிய இல்லங்களே அவற்றை அதிகம் மறைத்தவை என்றும் அந்த அறிக்கை சொன்னது. ஆக, இந்தக் குறியீட்டைப் பார்த்து அம்மாவுக்கு இடம் தேடும் மகள், படிவத்தை நிரப்பாத இல்லத்தைத் தேடிப் போகிறாள். வழிகாட்டியே இல்லாவிட்டால் அவளுக்கு இந்தத் தீங்காவது நேர்ந்திருக்காது.

மருந்து விஷயத்தில் படிவம் நோயையே உண்டாக்கியது. மறதிநோய் உள்ள முதியவர்களை அடக்கி வைக்க மனநோய் மருந்து தருவது ஆபத்தானது, அது நட்சத்திரத்தையும் குறைக்கும். ஆனால் மனச்சிதைவு நோய் என்று எழுதிவிட்டால் அவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். நியூயார்க் டைம்ஸ் 2021இல் எண்ணிப் பார்த்தபோது, இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. பொதுமக்களில் அது ஏறத்தாழ 150இல் ஒருவருக்கே. 2023இல் துறை தணிக்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் வெளியே யாராவது ஓட்டையைக் காட்டுவார்கள், துறை அந்த ஓட்டையை மட்டும் அடைக்கும். இல்லம் சொல்வதை நம்புவது என்ற ஏற்பாடு அப்படியே இருக்கும்.

நட்சத்திரம் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 2024இல் அரசு, ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேர கவனிப்பு என்றும் இரவு பகலாக ஒரு பதிவுபெற்ற செவிலியர் என்றும் குறைந்தபட்ச விதி கொண்டுவந்தது. ஆள் கிடைக்காது, கிராமப்புற இல்லங்கள் மூடப்படும் என்று இல்ல உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஜூலையில் நாடாளுமன்றம் 2034 வரை அதை அமலாக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. சட்டத்தின் பாதுகாப்பு விலகிய இடத்தில் குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது இந்த மதிப்பீடுதான்.

மாற்று வழிக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். முறிந்த இடுப்பெலும்புக்கு மருத்துவமனைக்குப் பணம் கட்டுவதும் நட்சத்திரம் வழங்குவதும் ஒரே துறை. யார், எந்தத் தேதியில் காயத்தோடு வந்தார் என்பது அதன் கையிலேயே இருக்கிறது. மனநோய் மருந்துக் கணக்கில் இனி பில்களையும் சேர்த்துப் பார்க்கப்போவதாக 2025இல் அதுவே அறிவித்தது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டங்களில் இருப்பவர்களின் விவரம் முழுமையாக வராது என்ற சமாதானமும் எடுபடாது, ஏனென்றால் அந்த அறிவிப்பில் அவர்களின் பதிவுகளும் அடக்கம். விழுதலுக்கும் படுக்கைப்புண்ணுக்கும் இதையே செய்யலாம். செய்து முடிக்கும்வரை, படிவத்திலிருந்து வரும் குறியீடுகளை மொத்த நட்சத்திரத்தில் சேர்க்காமல் தனியே காட்டி, பக்கத்தில் ‘இல்லமே தந்த விவரம்’ என்று எழுதிவைப்பதே முறை.