மனத்துக்குள் விரியும் தாள்

அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க எழுதும் டி.ஏ.டி. தேர்வில் 15 கேள்விகள் இப்படி இருக்கும்: சதுரத் தாளை மடித்துத் துளையிடுவதைப் படமாகக் காட்டுவார்கள். விரித்தால், வரிசைகளாகக் குறித்த 16 இடங்களில் எங்கெங்கே ஓட்டை இருக்கும்? தாளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை.

கடைசி மடிப்பை முதலில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக் கோடும் ஒரு கண்ணாடி. துளை மறுபக்கம் அதே தூரத்தில் தெரியும். மூன்று முறை சரிபாதியாக மடித்தால் எட்டுத் துளை. அதில் என்ன சுவை? ஓரத்தை மட்டும் மடிக்கும்போதுதான் குறும்பு. துளை விழுந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணாதவர் ஏமாறுவார். மூலைவிட்ட மடிப்பு இன்னும் அழகு: மேல்வரிசைத் துளை பக்கவாட்டுக்கு ஓடிவிடும். என் ஓட்டு அதற்கே.

குறுக்குவழிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். பழைய தாளும் பஞ்சிங் மிஷினும் எடுத்து நாலைந்து முறை மடித்துப் பாருங்கள்.