தந்தையும் தோணியும்

குழந்தைக்குத் தந்தை எல்லாம் வல்லவன். இளைஞனுக்கு ஏதும் அறியாதவன். தானே தந்தையாகும் நாளில் அவனுக்கு மீண்டும் பெரியவன். தந்தை மகன் உறவை இம்மூன்று படிகளில் அடக்கிவிடுவது நம் கதைகளில் வழக்கமாகிவிட்டது. வயது ஏற ஏற அறிவு தெளிகிறது என்பதே அவை தரும் விளக்கம். இது போதாது என்பது நம் கருத்து. தந்தையின் உழைப்பு யாரைப் போய்ச் சேர்கிறது என்ற உண்மை பிள்ளைக்குப் புலனாகும்போதே அவன் பார்வை மெய்யாக மாறுகிறது.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷார் அங்கே கடற்படைத் தளம் அமைத்தனர். எண்ணெய்க் குதங்களை வரிசையாக எழுப்பினர். 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் இறைமைக்கு அது வெற்றியே. ஆனால், தளத்தை நம்பிக் கூலி பெற்ற குடும்பங்களை நினைத்துப் பார்ப்போம். காலையில் துறைமுக வாயிலுள் நுழைந்த தந்தை மகனுக்கு வலியவனாகத் தோன்றியிருப்பான்; வேலையற்றுத் திண்ணையில் அமர்ந்த தந்தை சிறுத்துத் தோன்றியிருப்பான். இருவரும் ஒருவனே. மாறியது அவன் கைத்திறன் அன்று. அதற்குக் கூலி கொடுத்த கை.

கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரைச் சேர்ந்தவர் வ. அ. இராசரத்தினம். 1962இல் வெளிவந்த அவரது 'தோணி' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்னும் மீனவச் சிறுவனின் ஏக்கமே அதன் தலைப்புக் கதையின் உயிர். கடலை அறிந்த கைகளுக்கு ஏன் ஒரு தோணி உரிமையாகவில்லை? இந்தக் கேள்வி எழும் இடத்தில் தந்தையின் வறுமை அவனுடைய குறையாக இராது. கடற்கரையின் உடைமை முறையாகிவிடும். ஆசிரியர் முழக்கமிடவில்லை, ஏக்கத்தைக் காட்டியே நம்மை அக்கேள்விக்கு அழைத்து வருகிறார்.

கார்க்கியின் 'தாய்' இன்னும் ஒரு படி செல்கிறது. குடித்து அடிக்கும் தந்தையை எதிர்த்துப் பதினான்கு வயதில் சம்மட்டியைக் கையில் எடுக்கிறான் பாவெல். அத்தந்தை இறந்தபின் அவனும் குடித்துவிட்டு வருகிறான். வயது ஒன்றே ஆசானாயின் அவன் இன்னொரு தந்தையாகவே முடிந்திருப்பான். அவனை மீட்டவை நூல்களும் தோழர்களும் அல்லவா? தந்தையை அழித்த ஆலை வாழ்வை அவற்றின் வழியே அவன் அறிகிறான்.

காரணத்தை அறிவது வேறு, கொடுமையைப் பொறுத்துக்கொள்வது வேறு. இறுதிப் பக்கத்தில் மகனைத் தந்தையின் காலில் விழவைக்கும் கதைகள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. வகுப்பறையில் தந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள், அவர் பெருமையை மட்டும் கேளாமல், அவர் ஒருநாள் என்ன வேலை செய்கிறார், அதன் பயன் எங்கே போகிறது என்றும் கேட்கட்டும். பிள்ளைகளின் மதிப்பு அங்கே வேர் கொள்ளும். நம் இலக்கியமும் அங்கிருந்தே வளரும்.