திறப்பு விழாவோடு தீர்ந்துபோகும் நிதி

தமிழ்நாட்டில் ஒரு தெருவோ கிராமமோ தன் பிள்ளைகளுக்கு விளையாட ஓர் இடம் வேண்டுமென்று முடிவெடுத்தால், அடுத்து எழும் கேள்வி யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, எம்.பி. நிதி, நமக்கு நாமே திட்டம், பக்கத்துத் தொழிற்சாலையின் சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) பணம், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள், வெளியூரில் நன்றாக இருக்கும் ஊர்க்காரர்கள் என்று தட்டிப் பார்க்க வாசல்கள் பல. மனு எழுதத் தெரிந்த நாலு பேர் ஊரில் இருந்தால் போதும், திடல் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அப்படி வந்த திடல்கள் பல ஊர்களில் இருக்கவே செய்கின்றன. ஆனால் யாருக்கு வருகிறது, வந்தது எத்தனை நாள் நிலைக்கிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு தெம்பாக இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். நமக்கு நாமே திட்டம் 1997-இல் தொடங்கப்பட்டது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. ஆட்சி மாறியும் பெயர் மாறியும் அதன் அடிப்படை மாறவில்லை. மக்கள் தங்கள் பங்கைப் போட்டால் மீதியை அரசு போடும், இப்போது அந்தப் பங்கு மூன்றில் ஒன்று. இந்த ஏற்பாட்டின் உண்மையான பலன் பணத்தைவிடப் பெரியது. காசு கொடுத்தவர் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறார். கம்பி எத்தனை மில்லி, மணலில் மண் கலந்திருக்கிறதா, ஒப்பந்ததாரர் எஸ்டிமேட்டில் சொன்னபடி செய்கிறாரா என்று கேட்கிறார். அரசு முழுப் பணமும் போட்டுக் கட்டிக் கொடுத்த எத்தனையோ கட்டடங்களுக்குக் கிடைக்காத கவனிப்பு இது. ஊர்க்கூட்டத்தில் பணம் பிரிப்பதைப் பற்றிப் பேசும்போதே எங்கே ஊஞ்சல், யாருக்கு எந்த நேரம், மாடு உள்ளே வராமல் என்ன செய்வது என்பதெல்லாம் பேச்சுக்கு வந்துவிடுகிறது. திடல் உருவாவதற்கு முன்பே அதைச் சுற்றி ஒரு கூட்டம் உருவாகிறது. இதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் களத்தைப் பார்க்காதவர்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கிலேயே சிக்கலும் இருக்கிறது. ஒன்பது லட்ச ரூபாய் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு மூன்று லட்சம். நூற்றைம்பது வீடுகள் உள்ள ஒரு புறநகர் லேஅவுட்டில் வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய். குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் நினைவூட்டினால் சேர்ந்துவிடும். இதே திடல் ஒரு காலனிக்கோ குடிசைப் பகுதிக்கோ வேண்டுமென்றால்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் வசிக்கும் ஊரகப் பகுதிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று சலுகை இருக்கிறது. அப்படிப் பார்த்தாலும் ஒரு லட்சத்து எண்பதாயிரம். நாற்பது வீடுகள் இருந்தால் வீட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. அன்றாடக் கூலிக்குப் போகிற குடும்பம் அதை எங்கிருந்து எடுத்து வைக்கும்? எண்ணிக்கை குறைவான, வருமானம் குறைவான குடியிருப்பு சலுகைக்குப் பிறகும் லேஅவுட்காரரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்காக வெளியிலிருந்து யாராவது பங்கு கட்டலாம், விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த யாராவதைத் தேடும் வேலை மறுபடியும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. மாடி வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வேறு பூங்கா இருக்கும், கோடை முகாம் இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வளரும் பிள்ளைக்குத் தெரு மட்டுமே திடல். தேவை எங்கே அதிகமோ அங்கே பணம் குறைவாகப் போய்ச் சேரும்படி ஒரு திட்டம் இருக்கும்போது, அதன் நல்ல பக்கத்தை எவ்வளவு சொன்னாலும் இந்தக் குறை அடிபட்டுப் போகாது.

சி.எஸ்.ஆர். நிதியை எடுத்துக்கொள்வோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்குச் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதில் ஊரக விளையாட்டுப் பயிற்சி உண்டு. பிள்ளைகள் ஓடியாடும் இடம் என்று தனியாக எதுவும் இல்லை. கல்வி, ஊரக வளர்ச்சி, குடிசைப் பகுதி மேம்பாடு என்று ஏதாவது ஒரு தலைப்புக்குள் திடலைக் கொண்டுபோய்ப் பொருத்தித்தான் கேட்க வேண்டும். பொருத்தத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நியாயமான விதிதான், புகையையும் லாரியையும் தாங்குகிறவர்களுக்கு முதலில் தருவது சரி. ஆனால் விளைவு என்ன? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் சுற்றுவட்டாரத்தில் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது. பெரிய ஆலை எதுவும் இல்லாத மானாவாரி ஊருக்குத் தட்டக் கதவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஊர் இளைஞர் மன்றம் சி.எஸ்.ஆர். பணத்தை நேரடியாக வாங்கிச் செலவிட முடியாது. நிறுவனத்தின் சார்பில் வேலை செய்யும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், மூன்றாண்டு அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் அரசிடம் தனிப் பதிவெண்ணும் வேண்டும். பொதுப்பணம் ஏமாற்றுக்காரர் கைக்குப் போகாமலிருக்க இந்தக் கட்டுப்பாடுகள் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் வருகிறது. வடிவமைப்பை அதுவே முடிவு செய்கிறது. அங்கே விளையாடப்போகும் பிள்ளைகளிடம் கேட்பது அந்த நிறுவனத்தின் மனசாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது. நல்ல மனசாட்சி உள்ளவர்களும் இருக்கிறார்கள். பெங்களூருவின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் பழைய டயர்களைக் கொண்டு விளையாட்டிடங்கள் அமைத்துவருகிறது. பாதி புதைத்த லாரி டயர் ஒரு பிள்ளைக்குக் குதிரை, இன்னொரு பிள்ளைக்குச் சுரங்கம். விலை குறைவு, உள்ளூர் ஆட்களே பழுது பார்க்கலாம். டயரின் அடியில் துளை போடாமல் விட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தொகுதி நிதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாய். எம்.பி.யின் பணம் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரிய வேண்டும். குடிநீர்த் தொட்டி, வகுப்பறை, ரேஷன் கடை, பேருந்து நிழற்குடை எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன. ஓட்டு இல்லாத பிள்ளைகளின் கோரிக்கை அந்த வரிசையில் முன்னுக்கு வருவது அரிது.

இவ்வளவு வழிகளிலும் கிடைக்கும் பணம் எதை வாங்குகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கேட்லாகில் உள்ள ஒரே மாதிரியான தொகுப்பு: ஃபைபர் சறுக்குமரம், இரட்டை ஊஞ்சல், சீசா, ஒரு சின்ன ராட்டினம், ஓரத்தில் பெரியவர்களுக்குத் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள். தரையெங்கும் பேவர் பிளாக். சறுக்கிலிருந்து தவறி விழும் பிள்ளையைக் காப்பாற்றுவது சறுக்கின் நிறமோ விலையோ அல்ல, கீழே உள்ள தரைதான். ஓரடி ஆழத்துக்கு நல்ல மணல் போட்டாலே எலும்பு முறிவுகள் பல தவிர்ந்துபோகும். மணலுக்கு எஸ்டிமேட்டில் பெரிய தொகை வராது, புகைப்படத்திலும் எடுப்பாகத் தெரியாது. ஆகவே சிமென்ட் கல் பதிக்கிறார்கள். ஈராண்டு வெயிலில் ஃபைபர் வெளுத்து வெடித்து, இழைகள் தொடையில் குத்தும். ஊஞ்சல் சங்கிலி மாட்டும் கொக்கி ஆடி ஆடித் தேய்ந்து ஒருநாள் விட்டுவிடும். இரும்புச் சறுக்காக இருந்தால் சித்திரை வெயிலில் மாலை ஐந்து மணி வரை அதில் உட்காரவே முடியாது. அதே பணத்தில் நாலு வேப்பமரமும் ஒரு மணல்மேடும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு கழிப்பறையும் வந்திருக்கும். கழிப்பறை இல்லாத திடலுக்குப் பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் வருவது குறைந்துபோகிறது. எந்த மனுவிலாவது இதை முதல் வரியில் பார்த்திருக்கிறோமா?

கொக்கி மாற்ற நூறு ரூபாய்கூட ஆகாது. அந்த நூறு ரூபாயை யார் தருவது என்று எந்த ஏற்பாட்டிலும் தெளிவாக இல்லை என்பதுதான் இந்த முறையின் ஆகப் பெரிய ஓட்டை. சி.எஸ்.ஆர். விதிகளின்படி தொடர் திட்டம் என்பதே தொடங்கிய ஆண்டு போக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். தொகுதி நிதியில் கட்டியதைக் கட்டி முடித்தபின் உள்ளாட்சி அமைப்பு கவனிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்போ தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டுவதற்கே திணறுகிறது. நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை மட்டும் அப்படியே இருக்கிறது.

பராமரிப்புக்கு வழி செய்யாமல் விட்டால் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னை பார்த்துவிட்டது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 120 ரூபாய் வசூலிக்க 2024 அக்டோபரில் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியின் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முடிவு கைவிடப்பட்டது. நல்லவேளை. ஆனால் செயற்கைப் புல்லை இரும்புச் சறுக்கைப்போல வெறுமனே விட்டுவைக்க முடியாது. சில ஆண்டுகளில் முழுதாக மாற்ற வேண்டும், அது லட்சக்கணக்கில் போகும். அந்தச் செலவை முன்கூட்டியே யோசிக்காமல் போட்ட திடல், ஏழைப் பிள்ளையிடம் டிக்கெட் கேட்கும் நிலைக்கு வந்தே தீரும்.

நிலம் தனிக் கதை. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமும் கட்டலாம். ஓ.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் இந்த நிலங்கள்தான் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்த சொத்து. அவற்றில் பல வேலியில்லாமல் கிடக்கின்றன, சிலவற்றில் குப்பை கொட்டுகிறார்கள், சிலவற்றை யாரோ வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். மானியத்துக்கு அலைகிற ஊர், தன் பெயரிலேயே இருக்கும் நிலம் எங்கே என்று ஒருமுறை வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் எவ்வளவோ வேலை மிச்சம். நிலம் உள்ளாட்சியின் பெயரில் இல்லையென்றால் எந்தத் திட்டத்திலும் கோப்பு நகராது.

மானியத்தை நம்பாமல் ஒரு நகரம் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் ஒரு பதில். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1947-இல், கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் நகராட்சிக்காகத் தன் முதல் விளையாட்டிடத்தை பெர்டெல்மன்பிளைன் சதுக்கத்தில் அமைத்தார். ஒரு மணல்தொட்டி, சில குட்டிக்கரணக் கம்பிகள், உட்காரப் பலகைகள், மரங்கள். வேலி கிடையாது. அதைப் பார்த்த அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்கும் வேண்டுமென்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் 1978-க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உருவாயின. தெருக்காரர்களின் வேலை கடிதத்தோடு முடிந்தது. அவர்கள் பங்குத்தொகை பிரிக்கவில்லை. சாலைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான நகராட்சியின் பணித்துறையே இதற்கும் பொறுப்பேற்றது. ஆம்ஸ்டர்டாமின் வருமானம் நம் ஊராட்சிகளுக்கு இல்லை என்று சொல்லலாம். ஆனால் மணல்தொட்டிக்கும் கம்பிக்கும் அது தேவையில்லை. விளையாட்டிடம் தன் கடமை என்று நிர்வாகம் ஒப்புக்கொள்வதே தேவை.

நம்மிடம் அந்த ஒப்புதல் துண்டு துண்டாக இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. 2024-இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கப்பட்டது. கிரிக்கெட் மட்டையும் கைப்பந்தும் வந்துசேர்ந்த எல்லா ஊரிலும் அவற்றை வைத்து விளையாட ஒழுங்கான இடம் இருந்ததா? சனி, ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் பள்ளித் திடலை ஊருக்குத் திறந்துவிட்டாலே பாதி இடங்களில் புதிய மானியம் தேவைப்படாது. சாவி யாரிடம், கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டால் போதும்.

மானியம் தேடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. கிடைக்கிற பணத்தை வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது கூடுதல் பணமாக இருக்க வேண்டும். அடிப்படைப் பொறுப்பு உள்ளாட்சியின் ஆண்டு வரவு செலவில் இருக்க வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் ஏழைக் குடியிருப்புகளின் விளையாட்டிடங்களுக்கு மக்கள் பங்கை அரசு முழுதாகத் தள்ளுபடி செய்ய வேண்டும். பணத்துக்குப் பதில் அவர்களின் உழைப்பைப் பங்காக ஏற்றுக்கொண்டாலும் சரி. மொத்தத் தொகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென்று தனியாக ஒதுக்காத எந்தத் திட்டத்துக்கும் பணம் தரும் நிறுவனங்கள் கையெழுத்திடக் கூடாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபைக்குப் போகும்போது திடல் வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நிலத்தின் சர்வே எண், ஆண்டுக்கு இத்தனை ரூபாய் பராமரிப்பு, அதற்குப் பொறுப்பான ஆள் யார் என்ற மூன்றையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியபின் நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.